கக்கூசுக்குப் பொட்டு வைப்பார்களா?

"டவுனுக்குள்ள போவாதும்மா, பைபாஸ்ல எறங்கிக்குங்க" என்று கண்டக்டர் சொன்னது திருச்சியில் அல்ல, பாடாலூர் தாண்டிய பிறகு. ஏறும்போதே கேட்டிருந்தேன், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குள் போகுமா என்று. தலையை ஆட்டினார். மஸ்கட் ஆஸ்பத்திரியில் செவிலியராகக் காலம் தள்ளிவிட்டதில் நம்மூர்த் தலையாட்டலைப் படிக்க மறந்துபோயிருந்தேன். இரண்டு பெட்டிகளும் ஒரு தோள்பையுமாக ஜூன் மாத வெயிலில் பைபாஸ் ஓரத்தில் நின்றபோது எனக்குக் கோபம் வந்தது. இந்தப் பயணத்தில் வந்த கோபங்களிலேயே சின்னது அதுதான்.

எதிரே ஓர் ஓட்டல் இருந்தது. முறுகல் தோசையும் சின்ன வெங்காயச் சட்னியும். இந்தப் பக்கத்துச் சின்ன வெங்காயத்தின் காரம் ஓமானில் எந்தக் கடையிலும் கிடைக்காது. சட்னியைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டுக் கழிப்பறை எங்கே என்று விசாரித்தேன். கல்லாவில் இருந்தவர் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "தண்ணி இல்லம்மா, பூட்டிக் கெடக்கு."

"அப்ப இங்க வர்ற பொம்பளைங்க என்ன பண்ணுவாங்க?"

"அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க."

எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவும் தெரியாது. எனக்குத் தெரியும். கையில் இருந்த தண்ணீர் பாட்டிலைக் குடிக்காமல் மூடிப் பைக்குள் வைத்தேன்.

நான் வந்தது என் தங்கை ஸ்டெல்லா கூப்பிட்டதால். நாங்கள் வரதராசன்பேட்டைக்காரர்கள். அவள் இந்தப் பக்கத்தில் ஓர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் எங்கோ உள்ள ஒரு நகராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரின் பெயரை எழுதினால் பெரிய மனிதர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகாது, என் தங்கைக்கு டிரான்ஸ்ஃபர் வரும்.

போனில் அவள் சொன்ன விஷயம் இதுதான். ஊருக்குப் பாதாளச் சாக்கடை போட்டு, கடைசியில் ஒரு சுத்திகரிப்பு நிலையமும் கட்டிவிட்டார்கள். அங்கே கழிவுநீரைச் சுத்தம் செய்து வெளியே விடுகிறார்கள். குடிக்க ஆகாது, மற்ற எல்லாவற்றுக்கும் ஆகும். அந்தத் தண்ணீரை யாருக்கு முதலில் கொடுப்பது, யாருக்கு அடுத்தது என்று ஊரே சேர்ந்து வரிசை போட வேண்டுமாம். அதற்கு ஒரு கூட்டம். வரிசையில் முதல் மூன்று இடத்துக்கு மட்டும் குழாய் போடப் பணம் இருக்கிறது. "எங்க ஸ்கூல் கக்கூசு அந்த மூணுல வந்தே ஆவணும்க்கா. நான் பேசுனா 'ஒக்காருங்க டீச்சர்'ம்பாங்க. நீ வெளிநாட்டுலேர்ந்து வந்தவ, நீ பேசுனா கேப்பாங்க" என்றாள்.

வந்த அன்று சாயங்காலமே என்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கழிப்பறைக் கட்டடம் பளபளவென்று இருந்தது. நீல டைல்ஸ், வாசலில் திறப்பு விழாக் கல்வெட்டு, கதவில் பூட்டு. பள்ளிக்கூடத்து போர்வெல் பாறையில் போய் நின்றுவிட்டது. நகராட்சிக் குழாயில் வருவது குடிக்கவும் சத்துணவு சமைக்கவுமே சரியாக இருக்கிறது. கட்டிய பிறகு சில வாரம் திறந்து வைத்திருந்தார்களாம். தண்ணீர் இல்லாத கழிப்பறையைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

பிறகு கட்டடத்துக்குப் பின்னால் கூட்டிப் போனாள். மதில் சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்த ஓட்டை. "எட்டிப் பாரு" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிமெண்ட் வாய்க்கால், அதில் தெளிந்த தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் தண்ணீர் அது. பள்ளிச் சுவரை உரசிக்கொண்டு போய்க் கொஞ்ச தூரத்தில் கருவேலங்காட்டுக்குள் விழுந்து வீணாகிறது. ஒரு குழாய், ஒரு மோட்டார், ஒரு தொட்டி போதும்.

"நாமளே போட்ரலாமே" என்றேன்.

"கேட்டுட்டேன். வரிசைப்படிதான் குடுப்பாங்களாம். முன்னுரிமை முடிவாகாம கைய வெச்சா கேசு போடுவாங்களாம்."

கருவேல முள்ளிடம் இதுவரை யாரும் எந்த வரிசையும் கேட்டதில்லை. அது பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருக்கிறது.

மறுநாள் லப்பைக்குடிக்காடு போனேன். மஸ்கட்டில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு முன்னால் சாலை நடுவே பூச்செடிகள் இருக்கின்றன. அதற்கு டேங்கர் லாரியில் தண்ணீர் ஊற்றுகிறவர் ஜபருல்லா, லப்பைக்குடிக்காட்டுக்காரர். நாங்கள் பழகியது ஊர்ப் பேச்சால்தான். வீட்டுக்கு ஒரு பெட்டி கொடுத்தனுப்பியிருந்தார். அதைச் சுமந்துகொண்டு, பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸைப் பிடிக்க நின்றேன். முதல் பஸ், நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நிற்பதைப் பார்த்துவிட்டு வேகமாகப் போனது. அடுத்த பஸ்ஸுக்கு ஓர் ஆட்டுக்காரர் வந்து சேர்ந்தார். அவர் கை காட்டியதும் நின்றது. ஆட்டுக்கு டிக்கெட் போட்டார்கள், நாங்கள் ஆட்டின் தயவில் ஏறினோம்.

வீட்டில் ஜபருல்லாவின் மனைவி ரஹ்மத், வந்தவளை நிற்க விடவில்லை. நெய்ச்சோறு, மாங்காய் போட்ட தாளிச்சா, வட்டலப்பம். "இன்னங் கொஞ்சம் வெச்சுக்குங்கக்கா, அங்க நர்சு வேலையில என்னாத்த சாப்புடுவீங்க" என்று தட்டை நிரப்பிக்கொண்டே இருந்தார். சாப்பாட்டு விஷயத்தில் நான் மறுத்துப் பழக்கமில்லை.

அவர்களுடைய மகள் ஷமீமா உள்ளிருந்து வந்து சலாம் சொன்னாள். ஸ்டெல்லாவின் மாணவி. ஆறாம் வகுப்பிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் அவளிடம் படிக்கிறாள். இந்த வருஷம் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கித் தேறியிருந்தாள். பயாலஜி எடுத்துப் படிக்க ஆசை. என்னிடம் ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். கேட்கும்போது கண்ணை இமைக்கவில்லை. ஆள் மட்டும் மெலிந்து, வெளுத்துப்போய் இருந்தாள்.

அவள் உள்ளே போனதும் ரஹ்மத் குரலைத் தாழ்த்தினார். "பரீச்சை நேரத்துல நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரில கெடந்துச்சுக்கா. குளுருசொரம். டாக்டரம்மா திட்டுனாங்க, புள்ளைக்குத் தண்ணி குடுக்கறதில்லையான்னு. நான் என்னா பண்ண? காலைல கெளம்பறப்பவே தண்ணி குடிக்க மாட்டேங்குது. ஸ்கூல்லயும் குடிக்காது. சாயங்காலம் வூட்டுக்கு வந்துதான் செம்போட தூக்கிக் குடிக்கும். போன ரமலான்ல என்னா சொல்லுச்சு தெரியுமா? 'எல்லாருக்கும் ஒரு மாசம் நோன்பு, எனக்கு வருஷம் பூரா நோன்புதாம்மா'ன்னுச்சு."

நான் கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டேன். இந்த நோயை எனக்கு நன்றாகத் தெரியும். அடக்கி அடக்கி, குடிக்காமல் குடிக்காமல் வருவது. ஒருமுறை வந்தால் மறுபடி வரும், விட்டுவிட்டால் சிறுநீரகத்தில் போய் நிற்கும்.

"இப்ப அவ அத்தா ஒரே புடியா நிக்கிறாரு" என்றார் ரஹ்மத். "கக்கூசுக்குத் தண்ணி வருதுன்னா பதினொண்ணு சேத்துவுடு, இல்லன்னா டீசிய வாங்கிட்டு வந்துரு, புள்ள உசுரோட இருந்தாப் போதுங்கறாரு. அவரு சொல்றதுலயும் தப்பில்லல்ல?"

"வேற ஸ்கூல்ல சேக்கலாமே?"

"தண்ணி வர்ற ஸ்கூலு பீஸு கட்டுற ஸ்கூலா இருக்குக்கா. கீழ இன்னும் ரெண்டு புள்ளைங்க இருக்கு. நாளன்னிக்குக் கூட்டத்துக்கு என்னையும் வரச் சொல்லிருக்காங்க ஸ்டெல்லா டீச்சர். வெளியூரா இருந்தாலும் ஸ்கூல் புள்ளைங்க அம்மாங்கள சேத்துக்குவாங்களாம். இன்ஷா அல்லாஹ், நல்லதா முடியணும்."

அன்றிலிருந்து அந்தக் கூட்டம் எனக்கு ஊர் விவகாரமாக இல்லை. ஒரு பெண் படிப்பாளா, வீட்டோடு கிடப்பாளா என்பதை அந்த வரிசைதான் தீர்மானிக்கப் போகிறது.

அதற்கு அடுத்த நாள் ஏலாக்குறிச்சி. கூட்டத்துக்கு முன் அடைக்கல மாதாவைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று ஸ்டெல்லா பிடிவாதம் பிடித்தாள். அரியலூரைத் தாண்டியதும் எங்கள் பஸ் சுண்ணாம்புக்கல் லாரிகளின் பின்னால் மாட்டிக்கொண்டது. முன்னால் ஒரு லாரி, அதற்கு முன்னால் ஒரு லாரி, கண்ணுக்கெட்டியவரை லாரி. ஜன்னலை மூடினால் வெக்கை, திறந்தால் புழுதி. கீழப்பழுவூர் வந்து சேர்வதற்குள் என் வெள்ளைச் சுடிதார் சாம்பல் நிறமாகியிருந்தது. பழைய கோயில் பக்கத்தில் இறங்கி மோர் வாங்கினோம். ஸ்டெல்லா பாதி டம்ளரோடு நிறுத்திக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பேர் ஸ்டெல்லா இருக்கும் ஊர்த் தண்ணீரைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"அதெல்லாம் ஏற்கெனவே பேசி முடிச்சிருப்பாங்கப்பா. சும்மா கண்தொடப்புக்குக் கூட்டம்."

"ரவுண்டானாவுல ஃபவுண்டன் வருதாமுல்ல? லைட்டெல்லாம் போட்டு?"

"வரட்டும். ஊருன்னா ஒரு அழகு வேணும்ல."

நான் வாயைத் திறக்கப் போனேன். ஸ்டெல்லா என் தொடையில் கிள்ளினாள்.

கோவிலில் அவள் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நெடுநேரம் முட்டிபோட்டிருந்தாள். வெளியே வந்ததும், "மாதாகிட்ட போயி கக்கூசையாடி கேட்ட?" என்று சீண்டினேன்.

"வேற யாருகிட்ட கேக்கறது? அவங்களும் பொம்பளதான" என்றாள். அவள் சிரிக்கவில்லை, அதனால் நானும் நிறுத்திக்கொண்டேன்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் முந்தின நாள் கல்யாணத்தின் ஜோடி நாற்காலிகள் அப்படியே இருந்தன. நகராட்சி ஆணையரும் பொறியாளரும் அதில் மாப்பிள்ளை பெண் போல உட்கார்ந்தார்கள். 'மறுபயன்பாட்டு நீர்: நமது நகரம், நமது முன்னுரிமை' என்று பேனர். ஊர்க்காரர்கள் நிறைய வந்திருந்தார்கள். ரஹ்மத்தும் சில பெண்களும் ஓரமாக ஒரு வரிசையில் இருந்தார்கள். எல்லாருக்கும் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள்.

நடத்தித் தர சென்னையிலிருந்து ஓர் ஆலோசனை நிறுவனத்தார் வந்திருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் மைக். சுவரில் வரிசையாகப் பெரிய வண்ணப் படங்களை ஒட்டியிருந்தார்கள். தண்ணீரை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். கோயில் தெப்பக்குளம், பின்னால் கோபுரத்தோடு. தீவனப் புல், கொழுத்த ஒரு பசுவோடு. ரவுண்டானா நீரூற்று, குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றும் ஒரு பெண் சிலையோடு. சாலையோர மரங்கள். கட்டட வேலை. கடைசியில் பள்ளி, ஆஸ்பத்திரிக் கழிப்பறைகள். அந்தப் படத்தில் மனிதரே இல்லை. பீங்கான் மட்டும் பெரிதாக, வெள்ளையாக இருந்தது.

ஒவ்வொருவரும் தமக்கு முக்கியமானதில் கலர் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், அதை எண்ணி வரிசை போடுவார்கள். இதுதான் முறை. சென்னைக்காரர்கள் ஸ்டிக்கர் கட்டை ரயிலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். என்ன செய்வது? யாரோ ஒரு புண்ணியவான் பேன்ஸி ஸ்டோருக்கு ஓடி, ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தார். வட்டமாக இருக்கிறது, ஒட்டுகிறது, சிவப்பாக இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். மைக்கைப் பிடித்திருந்த பெண் சொன்னாள்: "உங்களுக்கு எது ரொம்ப இம்பார்ட்டென்ட்டோ, அந்தப் படத்துக்குப் பொட்டு வைங்க!"

ஸ்டெல்லாவைப் பார்த்தேன், அவள் முகம் மாறிவிட்டது.

முதலில் எழுந்தது மஞ்சள் பூசிய முகத்தோடு ஓர் அம்மாள். சுவருக்குப் பக்கத்தில் போனதும் செருப்பைக் கழற்றினார். கோபுரத்தின் உச்சியில் ஒரு பொட்டு, குளத்துக்கு ஒரு பொட்டு, வாசலுக்கு ஒரு பொட்டு. விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பினார். அவ்வளவுதான், பின்னால் வந்த பெண்கள் எல்லாரும் செருப்பைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். மிச்சப் பொட்டு பசுவின் நெற்றிக்குப் போனது. மாட்டுப் பொங்கலில் வைப்பது போல அடுக்கடுக்காக வைத்தார்கள். நீரூற்றுச் சிலைக்கு வெறும் நெற்றி இருக்கலாமா? அவளுக்கும் வைத்தார்கள். ஆண்கள் விரல் நுனியில் பொட்டோடு அசடு வழிய நின்று, மரத்தில் அப்பிவிட்டு ஓடிவந்தார்கள்.

ஒரு பெண் மட்டும் கடைசிப் படம் வரை போனாள். கையை நீட்டினாள், சட்டென்று இழுத்துக்கொண்டாள். "இதுக்குப் போயி யாராச்சும் பொட்டு வெப்பாங்களா?" என்று பின்னால் நின்றவளைக் கேட்டாள். "வெச்சா வெளங்குமாடி? வாடி" என்று அவள் இழுத்துக்கொண்டு போனாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் அம்மாவாக இருந்தாலும் வைத்திருக்க மாட்டாள்.

ரஹ்மத்தோடு வந்த பெண்கள் பொட்டு வைப்பவர்கள் அல்ல. அட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் சிலர் நாற்காலியின் கீழே வைத்தார்கள். ரஹ்மத் மட்டும் எழுந்து, நேராகக் கடைசிப் படத்துக்குப் போய், தம் பொட்டுகள் அத்தனையையும் அந்தப் பீங்கானின் மேல் அழுத்தி ஒட்டினார். அதற்கடுத்து ஸ்டெல்லா. அதற்கடுத்து யாருமில்லை. நானும் ஓர் அட்டையை எடுத்தேன். "மேடம் எந்த வார்டு?" என்று மைக் பெண் கேட்டாள். சொல்ல வார்டு இல்லை. சிரித்தபடி அட்டையை வாங்கிக்கொண்டாள்.

எண்ணினார்கள், போட்டோ எடுத்தார்கள், அங்கேயே நின்று சென்னைக்கு அனுப்பினார்கள். முதலிடம் தெப்பக்குளம். அடுத்தது தீவனப் புல். மூன்றாவது சாலையோர மரம். நான்காவது நீரூற்று. பள்ளிக் கழிப்பறை கடைசி. எல்லாரும் கை தட்டினார்கள்.

கை தட்டல் ஓய்ந்ததும் அந்த மஞ்சள் முகத்து அம்மாள் எழுந்து கேட்டார்: "அய்யா, கொளத்துல வுடப்போறது என்னா தண்ணிங்க? காவேரித் தண்ணியா?"

"சுத்திகரிக்கப்பட்ட நீரும்மா" என்றார் பொறியாளர்.

"எதச் சுத்திகரிச்ச நீரு?"

பொறியாளர் ஆணையரைப் பார்த்தார். ஆணையர் பேனரைப் பார்த்தார். "அதாவது... பாதாளச் சாக்கடைத் திட்டத்துல வர்ற..."

அவரை முடிக்க விடவில்லை. "சாக்கடைத் தண்ணியவா சாமி கொளத்துல வுடுவீங்க? அதுக்கா எங்க கையால பொட்டு வெக்கச் சொன்னீங்க?" மண்டபம் கொதித்துவிட்டது. நாற்காலிகள் கவிழ்ந்தன. காலையிலிருந்து அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் நேராகச் சொல்லவில்லை. மறுபயன்பாடு, சுத்திகரிப்பு, வளம் என்று வார்த்தைகளாகத் தெளித்துக்கொண்டிருந்தார்கள். ஊரே ஒருமனதாக முதலிடம் கொடுத்தது ஊரில் ஒருவருக்கும் வேண்டாத ஒன்றுக்கு.

ஆணையர் எழுந்து கும்பிட்டு, தெப்பக்குளத்தை வரிசையிலிருந்து எடுத்துவிட்டதாக அறிவித்தார். சத்தம் அடங்கியது. ஸ்டெல்லா அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டாள். "கோயிலத்தான் எடுத்துட்டீங்கள்ல சார், அந்த எடத்துல எங்க ஸ்கூலப் போடுங்க."

"அது எப்படி டீச்சர்? அடுத்தடுத்து இருக்கறது ஒரு எடம் மேல வரும். மூணாவதா இப்ப ரவுண்டானா நீரூற்று. நடைமுறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"புள்ளைங்க தண்ணி குடிக்காம சாவுதுங்க சார்!"

"ஒக்காருங்க டீச்சர். ஜனங்களே வேணாம்னு சொல்லிட்டாங்களே."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்தேன். என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. நான் இருக்கும் ஊரில் இந்தத் தண்ணீரைத்தான் பூவுக்கும் புல்லுக்கும் ஊற்றுகிறார்கள், ஆனால் பூவுக்கு ஊற்றும் முன் அங்கே எந்தப் பள்ளிக்கூடத்துக் கழிப்பறையும் வறண்டு கிடக்கவில்லை என்று சொன்னது ஞாபகம். சிலையைக் குளிப்பாட்டிவிட்டுப் பெண் பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் போடுகிற ஊர் உருப்படுமா என்று கத்தியதும் ஞாபகம். "மேடம், நீங்க இந்த ஊர் வோட்டரே கெடையாது" என்றார் பொறியாளர்.

அப்போது மஞ்சள் முகத்து அம்மாள் மறுபடி எழுந்தார். "ஏங்க, நாங்க வேணாம்னு எப்பங்க சொன்னோம்? அதுக்குப் பொட்டு வெக்க மாட்டோம்னுதான வெக்கல? எம் பேத்தியும் அந்த ஸ்கூல்லதான் படிக்கிது."

"அப்படின்னா கையத் தூக்குங்க!" என்று நான் பெண்களைப் பார்த்துக் கத்தினேன். "கக்கூசுக்குத் தண்ணி வேணும்ங்கறவங்க கையத் தூக்குங்க!"

ஆண்கள் நிறைந்த மண்டபம். பெண்கள் தலையைக் குனிந்தார்கள். ரஹ்மத் தூக்கினார். அந்த அம்மாள் தூக்கினார். அப்புறம் ஒரு வளையல் கை, இன்னொரு கை. கொஞ்ச நேரத்தில் பெண்கள் பக்கம் தாழ்ந்திருந்த கையே இல்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பொறியாளர் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கை தூக்கறது கணக்குல வராதும்மா. ஸ்டிக்கர் ஒட்டுறதுதான் முறை. போட்டோ சென்னைக்குப் போயிருச்சு. அடுத்த தடவ திட்டம் வரும்போது பாக்கலாம்."

பிறகு எலுமிச்சைச் சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். நல்ல சாதம், வேர்க்கடலை தாராளமாகப் போட்டிருந்தது. எனக்கு இறங்கவில்லை. மண்டபம் காலியானதும் பார்த்தேன். ஆண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் தரையெல்லாம் காலி பாட்டில்கள். பெண்கள் பக்கம் ஒன்றுகூட இல்லை. எல்லாரும் மூடி திறக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

ரஹ்மத் என்னிடம் வந்தார். "நான் கெளம்புறேன்க்கா, பஸ்ஸு போயிரும். அவருகிட்ட நானே சொல்லிக்கிறேன்." குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால் தேற்றியிருக்கலாம்.

சாயங்காலம் நானும் ஜபருல்லாவுக்குப் போன் செய்தேன். கொஞ்ச நாள் பொறுங்கள், நான் மேலிடத்துக்கு எழுதுகிறேன், பெண்ணை நிறுத்திவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்: "அக்கா, இங்க நான் செடிக்குத் தண்ணி ஊத்துறதுல அரை நாள் தவறிட்டா சூப்பர்வைசர் கேள்வி கேப்பான். ஒரு பூவு வாடுனா எனக்கு மெமோ. அங்க எம் புள்ள வாடுனதுக்கு யாருக்கு மெமோ குடுத்தாங்க? எத நம்பிக்கா அனுப்புறது, சொல்லுங்க."

நான் செவிலியர். பொய் நம்பிக்கை சொல்லிப் பழகியவள்தான். அன்று, பெட்டி கட்ட வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் எனக்குத் திருச்சியில் விமானம். போகிற வழியில் ஸ்டெல்லாவிடம் சொல்லிக்கொள்ளப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சேர்க்கை நேரம், வராந்தா முழுக்கப் பெண் பிள்ளைகள், புது ரிப்பன், புது ஜியாமெட்ரி பாக்ஸ் வாசனை. ஸ்டெல்லாவின் மேசைக்கு முன்னால் ரஹ்மத்தும் ஷமீமாவும் நின்றிருந்தார்கள். டீசி வாங்கியாகிவிட்டது. ரஹ்மத் அதை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

ஸ்டெல்லா கை எதையாவது செய்ய வேண்டுமே என்று, மேசையில் இருந்த தன் பாட்டிலைத் திறந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஷமீமாவிடம் நீட்டினாள். நீட்டிய பிறகுதான், இந்தப் பிள்ளை இங்கே குடிக்காதே என்று அவளுக்கு உறைத்தது போலும். கையைப் பின்னால் இழுத்தாள்.

ஷமீமா டம்ளரை வாங்கிக்கொண்டாள். ஒரே மூச்சில் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, டம்ளரைத் திரும்ப நீட்டினாள்.

"இன்னங் கொஞ்சம் ஊத்துங்க டீச்சர். இனிமே வூட்டுக்குத்தான போறேன்."